கல்லாவில் விழும் தாளின் இலக்கத்தையும் பாருங்கள்

சம்பள நாள் என்றால் மலையகத்து நகரங்களில் வியாபாரத்துக்குத் தனி வேகம்தான். ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை எங்கும் அன்று கல்லாவில் புதுத்தாள்கள் நிறைய விழும். நாம் தாளின் பெறுமதியைப் பார்க்கிறோம். கள்ளத்தாளா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்கிறோம். இலக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அந்த இலக்கத்துக்காகவே தாள் தேடுகின்றவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாஷையை வியாபாரி கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாம் ஏமாறாமல் இருக்கவும், நம்மால் பிறர் ஏமாறாமல் இருக்கவும் அது உதவும்.

நமது மத்திய வங்கித் தாளில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு சாய்கோடு, ஓர் எண் வரும். இதை 'பிரிஃபிக்ஸ்' என்பார்கள், அதாவது முன்குறி. அதற்குப் பின் ஆறு இலக்கங்கள் வரும். ஆகவே ஒரு முன்குறியின் கீழ் ஏறத்தாழ பத்து இலட்சம் தாள்கள் வரலாம்.

அந்த ஆறு இலக்கமும் ஒன்றாக இருந்தால், உதாரணமாக 777777, அது 'சொலிட்'. ஒரு முன்குறியில் இப்படி ஒன்பதுதான் வர முடியும். 123456 என்று படிப்படியாக ஏறினால் 'லெடர்', ஏணி. 274472 போல எந்தப் பக்கம் இருந்து வாசித்தாலும் ஒன்றாக வந்தால் 'ரேடார்'. 358358 என்று மூன்று இலக்கம் திரும்பி வந்தால் 'ரிபீட்டர்'. 000001 போன்றவை 'லோ நம்பர்'. 040248 என்பதை நமது சுதந்திர தினமாக வாசித்து வாங்குகிறவர்களும் உண்டு. அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாகப் போடப்படும் தாள் 'ரிப்ளேஸ்மன்ட்'. இலங்கைத் தாளில் இதற்கு அடையாளம் 'இஸட்' என்ற முன்குறி. இந்தியாவில் 2006 முதல் இதற்கு நட்சத்திரக் குறி இடுகிறார்கள்.

இனி, நம்மவர்கள் அதிகம் கேட்கும் 786 பற்றிச் சொல்கிறேன். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் வரும் கூட்டுத்தொகை என்பதால் இதற்கு ஒரு மவுசு. "நானா, இந்தத் தாள் இலட்சக்கணக்கில் போகுமாமே?" என்று கடைக்கு வருகின்ற தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடமும் கேட்கிறார்கள். வியாபாரி கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆறு இலக்கத்தில் 786 நான்கு இடங்களில் அமையலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஆயிரம் தாள்கள். 786786 மட்டும் இரண்டு தடவை எண்ணப்படுவதால் ஒன்றைக் கழித்தால், பத்து இலட்சத்தில் 3,999 தாள்கள். அதாவது 250 தாளுக்கு ஒன்று. இது அரிய பொருள் அல்ல. 786786 அரிது, அது முன்குறிக்கு ஒன்றே ஒன்று.

அப்படியானால் இலட்சக் கதை எங்கிருந்து வருகிறது? விளம்பரத்தில் இருந்துதான். கேட்கின்ற விலை வேறு, கொடுக்கின்ற விலை வேறு என்பது தேயிலை, மரக்கறி வியாபாரம் செய்யும் நமக்குத் தெரியாததா? "உங்கள் தாளை நாங்கள் வாங்குகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்பதுதான் மோசடிக்காரர்களின் வழி. தன் பெயரைச் சொல்லியே பழைய தாள், நாணய வியாபாரத்துக்குக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. வாங்குகிறவர் முன்பணம் கேட்டால் அவர் வாங்க வந்தவரே அல்ல.

தாளின் நிலையும் முக்கியம். ஒரு மடிப்பு விழுந்தாலே சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். தாளில் பேனாவால் கணக்கு எழுதுவது, பின் குத்துவது நமது கடைகளில் பழகிப்போன காரியம். வேண்டுமென்றே பழுதாக்கிய தாளுக்கு 2017 டிசம்பர் 31க்குப் பிறகு பெறுமதி கொடுப்பதில்லை என்று நமது மத்திய வங்கி அறிவித்ததை மறக்க வேண்டாம்.

இலக்கம் இல்லாமல் வரலாற்றாலும் தாளுக்கு மதிப்பு வரும். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. தோட்டங்கள் அழிய, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி கதவை மூடியது. அதன் தாள்களை வைத்திருந்தவர்கள் தவித்தபோது, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் கொடுத்தார். அடுத்த ஆண்டு அரசாங்கமே தாள் வெளியிட்டது. இன்று நம் கையில் இருக்கும் அரசுத் தாளின் வரலாறு இந்த மலைகளின் கோப்பித் தோட்டங்களோடு தொடங்குகிறது. 1990களின் நூறு ரூபாத் தாளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் இருந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். புழக்கத்தில் உள்ள ஆயிரம் ரூபாத் தாளை ஆயிரத்து ஐந்நூறுக்கு விற்பது பொருள் வியாபாரமா, பணத்துக்குப் பணம் கூட்டி வாங்குவதா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே இதில் இறங்குங்கள். அடுத்தது, அரிசிக்கும் மாவுக்கும் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் நீட்டும் தாளில் 777777 இருக்கிறது என்று வையுங்கள். அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சத்தமில்லாமல் கல்லாவில் போடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. "அம்மா, இதைப் பத்திரமாக வையுங்கள், வேறு தாள் தாருங்கள்" என்றும் சொல்லலாம். முதல் வழியில் கிடைப்பது ஒரு தாள். இரண்டாவது வழியில் கிடைப்பது அந்த லயத்தின் நம்பிக்கை. கடைக்காரனுக்கு எது முதல் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.