மூத்தது பேசியா, பேட்டரியா?

பயன்படும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் தேய்வு உண்டு. ஆனால் ஒரு பொருளின் எல்லா உறுப்புகளும் ஒரே காலத்தில் தேய்வதில்லை. மிதிவண்டியில் முதலில் தேய்வது டயர், தையல் இயந்திரத்தில் பெல்ட், பேனாவில் முள். டயர் தேய்ந்துவிட்டது என்று மிதிவண்டியை யாரும் எறிந்துவிடுவதில்லை. ஸ்மார்ட்போனைப் பற்றி மட்டும் நாம் வேறு விதமாக எண்ணப் பழகிவிட்டோம். மூன்றாம் ஆண்டில் பேசி தளர்ந்தால், "பழையதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்" என்கிறோம். மூத்தது பேசியா, அதனுள் இருக்கும் பேட்டரியா என்று நின்று கேட்பதில்லை.

வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்க்கு இது சிறு கேள்வி அன்று. வீட்டிலிருந்து வரும் பணம், தேர்வு அறிவிப்பு, ரயில் முன்பதிவு, பெற்றோரின் குரல் ஆகிய யாவும் இன்று அந்த ஒரு கருவியின் வழியாகவே வருகின்றன. புதிய பேசி ஒன்றின் விலை பலருக்குச் சில மாத உணவுச் செலவுக்கு ஈடு. பேட்டரியின் விலையோ அதில் ஒரு சிறு பங்கு. ஆகவே பேட்டரி ஏன் மூப்படைகிறது, அதை மாற்றச் சென்றவர்கள் பெற்ற பட்டறிவு என்ன, ஏமாறாமல் மாற்றிக்கொள்ளும் வழி எது என்பவற்றை முறையாகக் காண்போம்.

மூப்பின் காரணம்

இன்றைய பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதன் அமைப்பை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு பக்கம் கிராஃபைட் என்னும் கரிப்படலம்; மறுபக்கம் கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடுப் படலம்; இரண்டுக்கும் நடுவே அயனிகள் நீந்திச் செல்ல ஒரு நீர்மம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கரியின் அடுக்குகளுக்குள் சென்று தங்குகின்றன. பேசி இயங்கும்போது அவை புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகின்றன.

இந்தப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் சிறிதளவு லித்தியம் கரியின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிந்து சிறைப்பட்டுவிடுகிறது. சிறைப்பட்டது மீள்வதில்லை. இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. ஒன்று, பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. மற்றொன்று, மின்னோட்டத்துக்கு உள்ளே எழும் தடை மிகுகிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். அடியில் சேறு படியப் படியத் தொட்டி கொள்ளும் நீர் குறையும். குழாயில் உப்புப் படியப் படிய நீர் வரும் வேகம் குறையும். மூத்த பேட்டரியில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

"முப்பது விழுக்காடு இருக்கிறது என்று காட்டிக்கொண்டே பேசி அணைந்துவிட்டதே!" என்று பலர் வியப்பதன் விடை இங்கேதான் உள்ளது. தொட்டியில் நீர் இருக்கிறது, குழாய்தான் அடைபட்டிருக்கிறது. படம் எடுக்கும்போதோ விளையாடும்போதோ பேசி திடீரென மிகுந்த மின்னோட்டம் கேட்கிறது. உள்தடை மிகுந்த பேட்டரியால் அதைத் தர இயலாமல் மின்னழுத்தம் சரிகிறது. பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. குளிரில் உள்தடை மேலும் உயர்வதால், டில்லியின் ஜனவரிக் காலைகளில் இக்குறை நன்றாக வெளிப்படும்.

ஆனால் பேட்டரிக்கு நிலையான கேட்டைச் செய்வது குளிரன்று, வெப்பமே. தன் பேசிகளை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. டில்லியின் மே மாதம் நாற்பதைத் தாண்டுவது. அந்த வெயிலில் வண்டியின் முன்புறத்தில் பேசியை மாட்டி வழி பார்ப்பதும், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் பேட்டரியின் வாழ்நாளை நாமே அறுப்பதாகும்.

வாடிக்கையாளர் கண்ட மாற்றம்

ஒரு காலத்தில் பேட்டரி மாற்றுவது நகத்தால் முடிகிற வேலை. 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், தன் பி.எல்.-5சி வகைப் பேட்டரிகளில் ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம் சார்ஜ் ஏறும்போது மிகையாகச் சூடேறக்கூடும் என அறிவித்து, அவற்றை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. நம் நாட்டில் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. கடைகளின் முன் மக்கள் திரண்டனர். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேசியின் பின்மூடியைத் தள்ளி, பேட்டரியைக் கையில் எடுத்து, அதன் எண்ணைப் படித்துத் தன்னுடையது எந்த வகை என்று ஒவ்வொருவரும் தாமே அறிய முடிந்தது. அச்சம் இருந்தது, ஆனால் பொருள் தம் கையில் இருந்தது.

அதே 2007-இல் வெளிவந்த முதல் ஐபோனில் பேட்டரி உள்ளே வைத்து மூடப்பட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் அவ்வழியில் சென்றன. பேசி மெலிந்தது, நீர் புகாமல் காக்கவும் இயன்றது. இவை நன்மைகளே. ஆனால் பேட்டரியின் நிலையை அறியும் வழி வாடிக்கையாளர் கையைவிட்டுப் போயிற்று.

அதன் விளைவு 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. பேட்டரி மூத்த ஐபோன்கள் திடீரென அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்துவந்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேசி மெதுவாகிவிட்டது, இனிப் பயனில்லை என்று எண்ணிப் புதிது வாங்கியவர்கள், ஒரு பேட்டரியை மாற்றியிருந்தால் போதும் என்று அப்போதுதான் அறிந்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2018-ஆம் ஆண்டு முழுதும் மாற்றுக் கட்டணம் அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் வரி நீங்கலாக 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாயிற்று. இவ்விவகாரத்தில் இத்தாலி 2018-இலும், பிரான்சு 2020-இலும் அந்நிறுவனத்துக்கு அபராதம் விதித்தன. பிரான்சு விதித்தது 2 கோடியே 50 இலட்சம் யூரோ.

2019 ஜனவரியில் வருவாய் குறைவதை விளக்கி முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்நிறுவனத் தலைவர் டிம் குக், குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டவர்களையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். அதாவது, பேட்டரியை மாற்றியவர்கள் புதிய பேசி வாங்கவில்லை. பேட்டரிதான் மூத்தது, பேசி மூக்கவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? இன்று ஐபோனின் அமைப்புகளில் பேட்டரியின் நலத்தை விழுக்காட்டில் காட்டும் பக்கம் இருக்கிறதே, அது 2018-இல் வந்தது. வாடிக்கையாளர் எழுப்பிய குரலின் பயன் அது.

இரண்டு வாயில்கள்

டில்லியில் பேட்டரி மாற்ற இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம். மற்றொன்று, நேரு பிளேஸ், கரோல் பாகின் கஃபார் மார்க்கெட் போன்ற சந்தைகள். இரண்டிலும் நம் விடுதி நண்பர்கள் பெற்ற பட்டறிவைச் சொல்கிறேன்.

ஒருவர் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றார். "பேட்டரி இருப்பில் இல்லை, வரவழைக்கப் பத்து நாளாகும், தகவல்கள் அழியலாம், பின்கண்ணாடி உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று சொல்லிக் கையொப்பம் கேட்டார்கள். அவர் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாம் முறை மாற்றிக்கொண்டார். கட்டணம் மிகுதிதான். ஆனால் முறையான ரசீதும் உத்தரவாதமும் கிடைத்தன. பேசி இன்றும் நன்றாக உழைக்கிறது.

இரண்டாமவர் சந்தைக்குச் சென்றார். அதில் பாதிக் கட்டணம். கண்முன்னே நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. ஐந்தாம் மாதம் பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிவிட்டது. கடைக்காரர், "கியாரண்டி மூன்று மாதம்தான்" என்றார். நண்பரிடம் இருந்ததோ ஒரு துண்டுச் சீட்டு.

மூன்றாமவரும் அதே சந்தைக்குத்தான் சென்றார். அங்கிருந்த முதிய மெக்கானிக் பேசியை வாங்கி, சார்ஜ் போடும் துளையை விளக்கொளியில் பார்த்தார். சட்டைப்பையின் பஞ்சு அதில் அடைந்திருந்தது. ஊசியால் அதை எடுத்துவிட்டு, "பேட்டரி நன்றாக இருக்கிறது, போய் வா" என்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஆகவே, நிலையம் என்றால் நேர்மை, சந்தை என்றால் ஏமாற்று என்று பிரித்துவிட இயலாது. இருவகை இடங்களிலும் நல்லவரும் உளர், அல்லாதவரும் உளர். நம்மைக் காப்பது நம் அறிவே.

செல்லுமுன் அறிய வேண்டியவை

முதலாவது, நோயை அறிக. பேட்டரி நலம் 80 விழுக்காட்டுக்குக் கீழே சென்றிருந்தாலோ, பேசி திடீரென அணைந்தாலோ, பேட்டரியை ஐயுறலாம். அதற்குமுன் வேறு கேபிளும் சார்ஜரும் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. சார்ஜ் போடுவதையும், அழுத்துவதையும், குத்துவதையும் விட்டு உடனே அதை மாற்ற வேண்டும். குத்துப்பட்ட லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடும்.

இரண்டாவது, தகவல்களைக் காத்துக்கொள்க. படங்களையும் குறிப்புகளையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்து, சிம் அட்டையைக் கழற்றிக்கொண்டு பேசியைக் கொடுக்க வேண்டும். திறவுச் சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வேண்டாம். சில பேசிகளில் நம் தகவல்களை மறைத்துவைக்கும் பழுதுபார்ப்பு முறை அமைப்புகளிலேயே உள்ளது.

மூன்றாவது, பேட்டரியைப் பார்த்து வாங்குக. சந்தையில் 'ஒரிஜினல்' என்னும் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. உறையின் மேல் இந்தியத் தர நிறுவனத்தின் குறியும், ஐ.எஸ். 16046 என்னும் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்பதிவெண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். உற்பத்தி நாளையும் நோக்க வேண்டும். பெட்டியில் சும்மா கிடந்தாலும் பேட்டரி மூக்கும். பழைய அளவிலேயே இருந்துகொண்டு மிகப் பெரிய கொள்ளளவு இருப்பதாகச் சொல்லும் பேட்டரியை நம்ப வேண்டாம். 2018-க்குப் பிந்திய ஐபோன்களில் வெளிப் பேட்டரி இட்டால், அது உண்மையானதென உறுதிசெய்ய இயலவில்லை என்ற செய்தி தோன்றலாம் என்பதையும் முன்னரே அறிந்திருப்பது நன்று. திறந்து மூடிய பேசியின் நீர்த்தடுப்பு முன்போல் இருக்கும் என்றும் எண்ணலாகாது.

நான்காவது, 'பக்கா பில்' கேட்டு வாங்குக. டில்லிக் கடைகளில் துண்டுச் சீட்டுக்குக் 'கச்சா பில்' என்றும், ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய முறையான ரசீதுக்குப் 'பக்கா பில்' என்றும் பெயர். ஹிந்தி சரளமாக வராத நம்மவர் கூச்சப்பட்டு இதைக் கேளாமல் வந்துவிடுகின்றனர். இரண்டே சொற்கள், கேட்கத் தயங்க வேண்டாம். உத்தரவாதக் காலத்தையும் அதிலேயே எழுதச் செய்ய வேண்டும்.

உரிமையும் கடமையும்

கட்டணம் பெற்றுச் செய்யும் பழுதுபார்ப்பும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவையே. அதில் குறை இருந்தால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிடில், தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

பழுதுபார்க்கும் உரிமையை ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையவாசலும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் மேலும் முன்னே சென்றுள்ளது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய பேசிகளின் பேட்டரிகள் 800 முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவு உடையனவாய் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருநாள் பாதியும் மறுநாள் பாதியும் ஏற்றினால் அது ஒரு முறை என்றே கணக்கு. அத்தகைய விதி நம் நாட்டிலும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

உரிமையோடு கடமையும் உண்டு. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறிதல் ஆகாது. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மேல் வைத்துள்ளன. அதனை அவர்களிடம் சேர்ப்பிப்பது நம் பங்கு. குப்பை வண்டியில் அப்பேட்டரி நசுங்கினால் தீயில் சிக்குபவர் நாம் அல்லர். அவ்வண்டியில் கைவிட்டு வேலை செய்யும் ஏழைத் தொழிலாளி.

ஊரில் ஒரு தந்தை பல மாதம் சேர்த்து வாங்கித் தந்த கருவி, ஓர் உறுப்புத் தேய்ந்ததற்காக மேசை அறைக்குள் சாக வேண்டியதில்லை. அடுத்த முறை பேசி தளரும்போது, புதியவற்றின் விலையைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: மூத்தது எது?