வீட்டு வாசலில் பாம்பு... அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன? முழு விளக்கம்

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சாலே சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு பயம் கூடவே வந்துவிடும். ஷூவுக்குள், பைக் சீட்டுக்கு அடியில், பாத்ரூம் மூலையில் என எங்கே வேண்டுமானாலும் பாம்பு இருக்கலாம். பார்த்த உடனே கம்பைத் தேடுபவர்கள்தான் அதிகம். ஆனால் கம்பு எடுக்கும் அந்த நிமிடத்தில்தான் ஆபத்தும் அதிகம். பாம்பு ஏன் வருது, எதுக்குப் பயப்படணும், கடிச்சிட்டா என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தப் பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு பாம்பு?

மேப்பை எடுத்துப் பார்த்தாலே காரணம் புரிஞ்சிடும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி, நடுவில் திருவேற்காடு வழியாக ஓடும் கூவம். இவற்றைச் சுற்றி ஒரு காலத்தில் வயலும் புதருமாக இருந்த நிலம்தான் இன்று நகர்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியிருக்கிறது. ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்களுக்குள் இன்னமும் பரந்த புதர்க்காடு இருக்கிறது.

தண்ணீர் இருந்தால் தவளை இருக்கும். குப்பை இருந்தால் எலி இருக்கும். இரண்டும் இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். மழையில் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் மேடான, காய்ந்த இடத்தைத் தேடி அது வெளியே வரும். அந்த மேடு பெரும்பாலும் நம்ம வீட்டுப் படிக்கட்டு.

பயப்பட வேண்டிய நாலு பாம்பு

இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நாலே வகைதான்.

• நல்ல பாம்பு: படம் எடுக்கும் என்பதால் அடையாளம் காண்பது எளிது. விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை முடக்கும். கடித்த இடமும் வீங்கும்.

• கண்ணாடி விரியன்: தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி போல வரிசையாக வட்டங்கள். விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். கிட்டே போனால் குக்கர் விசில் மாதிரி சீறும். அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் ராட்டில் ஸ்நேக் வால் நுனியைக் கிலுகிலுப்பை போல ஆட்டி "தள்ளிப் போ" என்கிறது. அதுவும் விரியன் குடும்பம்தான். இங்கே அந்த எச்சரிக்கை சீறலாக வருகிறது.

• சுருட்டை விரியன்: சின்னது, வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் அதிகம். உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி, ரம்பம் அறுப்பது போல ஒலி எழுப்பும்.

• கட்டு விரியன்: பளபளப்பான கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். இரவில் நடமாடும். சத்தமே போடாது. தரையில் தூங்குபவர்களைக் கடித்தால் வலிகூட தெரியாமல் போகலாம். காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மத்ததெல்லாம்?

இந்தப் பகுதியில் அடிபட்டுச் சாகும் பாம்புகளில் பல விஷமே இல்லாதவை. ஏரிக்கரையிலும் வடிகாலிலும் தெரியும் தண்ணீர்ப் பாம்பு கோபக்காரப் பாம்பு, கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது. நீளமான சாரைப் பாம்பு எலியைத் தின்று நமக்கு நல்லதுதான் செய்கிறது. "சாரையும் நல்ல பாம்பும் பிணைஞ்சு ஆடுது" என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. சுவர் ஏறி வீட்டுக்குள் வரும் ஓநாய்ப் பாம்பைக் கட்டு விரியன் என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். கட்டு விரியனுக்கு இது தலைகீழ்.

ஆனாலும் சந்தேகம் இருந்தால் விஷப் பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய் உறுதி செய்ய வேண்டாம்.

பால் குடிக்குமா?

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் உட்பட இந்தப் பகுதியில் புற்று வழிபாடு பழக்கமானது. பாம்பைக் கும்பிடும் அதே ஊரில்தான் வீட்டுக்கு வந்தால் அடிப்பதும் நடக்கிறது. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், உயிரியல்படி பால் பாம்பின் உணவு இல்லை. எலி, தவளை, பல்லி, முட்டை, இன்னொரு பாம்பு, இதுதான் அதன் சாப்பாடு. பால் வைத்து வரவழைக்கவும் முடியாது, பூண்டு தெளித்து விரட்டவும் முடியாது.

வீட்டுக்குள் வந்துட்டா என்ன பண்ணணும்?

• குழந்தைகளையும் நாய், பூனையையும் வெளியே அனுப்புங்கள். பாம்பு இருக்கும் அறையின் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியை அடையுங்கள்.

• தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

• தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். அவர்களோ வனத்துறையோ பயிற்சி பெற்றவர்களோ வந்து பிடிப்பார்கள்.

• ரீல்ஸ் எடுக்கவோ வாலைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம். அடிபட்டுச் செத்ததாகத் தெரியும் பாம்பும் கடிக்கலாம்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றைக் கொல்வது குற்றம்.

கடிச்சிட்டா?

இங்கேதான் உயிர் போவதும் பிழைப்பதும் முடிவாகிறது. 2020-ல் 'ஈலைஃப்' இதழில் வெளியான ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். 2011-ல் வந்த முந்தைய ஆய்வு இன்னொரு கசப்பான உண்மையைச் சொன்னது: இறந்தவர்களில் 4-ல் ஒருவருக்கும் குறைவானவர்களே மருத்துவமனையில் இறந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலோ வழியிலோ இறந்தவர்கள்.

செய்ய வேண்டியது:

• 108-ஐ அழையுங்கள். தாமதமாகும் என்றால் கிடைக்கும் வண்டியில் கிளம்புங்கள்.

• கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கை, காலை அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச்சைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் இறுக்கும்.

• கடித்த நேரத்தைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதது:

• கயிறு, துணியால் இறுக்கிக் கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று கை, காலே போய்விடலாம்.

• கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை, மந்திரம் எதுவும் வேண்டாம்.

• பாம்பைப் பிடித்து எடுத்துப் போக வேண்டாம். மேலே சொன்ன நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அது அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அந்த மருந்து எங்கிருந்து வருது?

இதற்கான பதில் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மருந்து நிறுவனங்களுக்குப் பாம்பு விஷத்தைக் கொடுக்கிறது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, சில வாரங்களில் திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கடித்தவனைக் காப்பாற்றும் மருந்துக்கும் பாம்பு உயிரோடு இருக்க வேண்டும்!

2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனைகளும் தகவல் தர வேண்டும். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எங்கே மருந்து இருப்பு வைக்கணும் என்பதும் தெரியும்.

வராமல் தடுக்க...

• செங்கல், விறகு, பழைய சாமானை வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

• சாப்பாட்டுக் கழிவை வெளியே கொட்டாதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்.

• கதவு இடுக்கு, குழாய் ஓட்டை, உடைந்த வடிகால் மூடியை அடையுங்கள்.

• இரவில் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

• தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டு விரியனுக்கும் அது நல்ல தடுப்பு.

ஏரி இருக்கும் வரை இந்தப் பகுதியில் பாம்பும் இருக்கும். ஏரி இல்லாத அம்பத்தூரை யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் ரெண்டு நம்பரை மனசில் வைத்துக்கொண்டால் போதும்: பாம்பைப் பார்த்தால் 101, கடிச்சா 108.