தானியங்கிக் கதவும் உயிர்க்காப்பும்

கதவு காவலுக்கு உரியது. வருவோரை வரவேற்பதற்கும் உரியது. இரும்பினால் பிணித்த அரண்மனை இரட்டைக் கதவை நெடுநல்வாடை வருணிக்கிறது. அத்தகைய கதவை இயக்க மனிதக் கை வேண்டும். இன்றோ விசையை அழுத்தினால் கதவு தானே ஏறி இறங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது? எவ்வாறு தீங்கு செய்யாமல் காக்கப்படுகிறது?

பழனிக்கு அருகிலுள்ள கீரனூரின் கடைவீதியில் காலையில் கையால் தூக்கப்படும் ஷட்டரை எண்ணிப் பாருங்கள். அதன் மேலுள்ள உருளையில் சுருள்வில் உண்டு. ஷட்டர் இறங்கும்போது வில் முறுக்கேறும். ஏறும்போது அவ்விசையைத் திருப்பித் தரும். ஆகவே, பெரும் எடையை ஒருவரே தூக்க முடிகிறது. மகிழுந்து நிறுத்துமிடத்தின் தானியங்கிக் கதவுக்கும் இதுவே அடிப்படை. எடையைச் சுருள்வில் தாங்க, சிறு மின்மோட்டார் சங்கிலியை இழுத்துக் கதவை நகர்த்துகிறது. கையிலுள்ள தொலையியக்கி வானொலி அலை வழியே குறியெண்ணை அனுப்பி மோட்டாரை இயக்குகிறது.

கையால் கதவை இறக்குபவர், குறுக்கே குழந்தை வந்தால் உடனே நிறுத்துவார். மோட்டாருக்கு அந்தக் கண் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய கதவுகளின்கீழ்ச் சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் விளைவாக, 1993 சனவரி 1 முதல் அங்குத் தயாராகும் வீட்டுக் கதவு இயக்கிகளுக்குக் காப்பு அமைப்பு கட்டாயமாயிற்று.

காப்பு இரு வகைப்படும். இறங்கும் கதவு ஏதேனும் ஒன்றில் முட்டினால் உடனே மேலேறுவது முதல் வகை. முட்டும் முன்பே தடுப்பது இரண்டாம் வகை. வாயிலின் இருபுறமும் தரையிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்திற்குள் உணரிகள் அமைந்திருக்கும். ஒன்று அனுப்பும் அகச்சிவப்புக் கதிரை மற்றொன்று பெறும். கதிர் தடைபட்டால், இறங்கும் கதவு நின்று மேலேறும்.

உணரியில் தூசி படிந்தாலோ கம்பி அறுந்தாலோ என்னாகும்? அப்போதும் கதிர் வந்து சேராது. ஆகவே, கதவு தானே மூடாது. பழுதுற்ற நிலையிலும் தீங்கு செய்யாதிருப்பதே நல்ல பொறியின் இலக்கணம்.

எனினும், பொறியை மட்டும் நம்புதல் தகாது. எல்லா மோட்டார் ஷட்டர்களிலும் உணரி இருக்கும் என எண்ணுதல் கூடாது. இறங்கும் கதவின்கீழ்க் குனிந்து ஓடாதீர்கள். முறுக்கேறிய சுருள்வில்லைத் தொடாதீர்கள். அது பயிற்சி பெற்றவரின் பணி. தானியங்கிக் கதவு உள்ள வீட்டில், மாதம் ஒருமுறை அதன்கீழ் மரக்கட்டையை வைத்துப் பெரியவர்கள் சோதிக்க வேண்டும். கட்டையில் பட்டதும் கதவு மேலேறாவிடில், பழுது நீங்கும்வரை மோட்டாரை இயக்கலாகாது.