கல்யாணச் செலவு: எங்கே குறைத்தால் குறையும்?

கல்யாணம் நிச்சயமானதும் பல வீடுகளில் முதல் வாக்குவாதம் பத்திரிகை அட்டையைப் பற்றித்தான் வரும். அறுபது ரூபாய் அட்டையா, முப்பது ரூபாய் அட்டையா? 300 பத்திரிகை அடித்தால் இதில் மிச்சமாவது 9,000 ரூபாய். எத்தனை பேருக்கு எத்தனை வேளை சாப்பாடு என்பதை மட்டும் அதே வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். லட்சங்கள் போவது அந்த வழியில்தான்.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்தில் பெரிய செலவுகள் நகை, சாப்பாடு, மண்டபம் ஆகிய மூன்றும். இவற்றில் கை வைக்காமல் மற்றதில் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் மொத்தத்தில் பெரிதாகத் தெரியாது. அதனால் இந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

ஆள் கணக்கை. பெரும்பாலோர் முதலில் மண்டபத்தைப் பிடித்துவிடுகிறார்கள். ஆயிரம் பேர் கொள்ளும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டால், அப்புறம் கூட்டம் குறைவாகத் தெரியக் கூடாதே என்று அழைப்பு நீளும். வரிசையை மாற்றுங்கள். பட்டியல் முதலில், மண்டபம் பிறகு.

ஒரு நோட்டில் குடும்பம் குடும்பமாக எழுதுங்கள். பெயருக்கு எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: மொத்தம் எத்தனை பேர், முதல் நாள் இரவு வருவார்களா, முகூர்த்தத்துக்கு வருவார்களா. ஒரு பத்திரிகை என்பது ஒரு ஆள் அல்ல. அலுவலக நண்பர் ஒருவராக வருவார், ஊரிலிருந்து வரும் பெரியப்பா வீடு ஒரு வேனில் வரும். இப்படி எழுதி முடித்தால்தான் இரவுக்கு 350, காலைக்கு 200 என்பது போல ஒரு எண் கையில் கிடைக்கும்.

இரவு வரவேற்பு, காலை முகூர்த்தம் இரண்டும் தேவையா?

இதை இரண்டு வீட்டாரும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். சென்னை போன்ற நகரங்களில் பெரும் கூட்டம் முதல் நாள் இரவு வரவேற்புக்கே வந்து போய்விடும், முகூர்த்தத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் இருக்கும். அப்படியிருக்க, மதியம் பெரிய விருந்து போட்டு யாருக்குப் பரிமாறுவது? எந்த வேளைக்குக் கூட்டம் வருமோ அதைப் பெரிய விருந்தாக வைத்து, மற்றதை எளிமையான சாப்பாடாக முடிக்கலாம். இன்னொரு வழி, கோயிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் ஒரே ஒரு வேளை விருந்து. மண்டப வாடகையும் குறையும், சாப்பாடும் குறையும்.

கோயிலில் நடத்துவதானால் கடைசி வாரம் போய் நிற்க முடியாது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆதார், வயதுச் சான்று, இது முதல் திருமணம் என்பதற்கான சான்று போன்றவற்றைக் கேட்பார்கள். கோயிலுக்குக் கோயில் நடைமுறை மாறும் என்பதால் அலுவலகத்தில் நேரில் விசாரித்து, கட்டணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுச் செலவு எப்படிக் கணக்காகிறது?

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, சமையல்காரருக்குக் கூலி பேசி, மளிகை, காய்கறி, பால் எல்லாவற்றையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது. மற்றது இலைக்கணக்கு (ஒரு இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது). வீட்டில் ஓடியாட நம்பிக்கையான ஆள் இருந்தால் முதல் முறை மலிவாக முடியும். ஆள் இல்லையென்றால் ஆசைப்படாதீர்கள். எஞ்சிய எண்ணெய் டின்னும் முந்திரியும் எங்கே போயின என்றே தெரியாது.

இலைக்கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் 400 இலை என்று உறுதி சொல்லிவிட்டால், 310 பேர் சாப்பிட்டாலும் 400 இலைக்குத்தான் பணம். ஒரு இலை 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வராத 90 பேருக்காக 31,500 ரூபாய் போகும். அதனால் உறுதி எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். அதற்கு மேல் எத்தனை இலை வந்தாலும் சமாளிப்பீர்களா, கூடுதல் இலைக்கும் இதே விலைதானா என்று கேட்டு ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

சாப்பிட்டவர்கள் எண்ணிக்கையை யார் சொல்வது? பெரும்பாலும் சமையல் காண்ட்ராக்டரின் ஆள் சொல்வதுதான் கணக்கு. கல்யாண வீட்டார் மேடையில் இருப்பார்கள், எண்ணுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். மேடையில் வேலை இல்லாத ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ இதற்கென்று நிறுத்துங்கள். பந்தி தொடங்கும் முன் இலைக்கட்டுகளை எண்ணி எழுதிக்கொண்டு, கடைசிப் பந்தி முடிந்ததும் மீதியை எண்ண வேண்டும். கிழிந்து ஒதுக்கிய இலையைத் தனியாக ஒரு பக்கம் வைக்கச் சொல்ல வேண்டும். பந்திக்குப் பந்தி உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டால் இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். புகைப்படக்காரர்கள், நாதஸ்வரக் குழு, ஓட்டுநர்கள் சாப்பிடும் இலையும் உங்கள் கணக்கில்தான் வரும். அவர்களுக்கு என்ன விலை என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் மதிப்பு குறையாதா? குறையாது. இலையில் இருபத்தைந்து வகை வைத்தால் பாதி அப்படியே மூடப்பட்டுப் போகிறது. ரசமும் வத்தக்குழம்பும் நன்றாக இருந்த கல்யாணத்தைப் பத்து வருடம் பேசுகிறவர்கள், மூன்றாவது இனிப்பு என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். வகையைக் குறைத்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விலையைக் குறைக்க மாட்டேன் என்றால், இருக்கிற வகைகளில் எண்ணெயும் நெய்யும் எந்தத் தரம் என்று கேட்டு வாங்குங்கள்.

மண்டபத்தில் வாடகைக்கு மேல் என்னென்ன வரும்?

இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மின்சாரம் யூனிட் கணக்கில் தனி. ஜெனரேட்டர் டீசல் தனி. துப்புரவு, பாத்திரம், சமையல் எரிவாயு, காவலாளி என்று ஒவ்வொன்றும் தனி பில்லாக வரலாம். பதிவு பெற்ற மண்டபம் என்றால் வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதாவது 1,50,000 ரூபாய் என்று சொன்ன வாடகை, வரியோடு 1,77,000 ஆகிவிடும். பதிவு பெற்ற அறக்கட்டளைகள், கோயில் வளாகத்துக்குள் நடத்தும் மண்டபங்களில் ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் இந்த வரி கிடையாது.

சாவி வாங்கும்போது மின் மீட்டரை ஒரு படம் எடுங்கள், திருப்பித் தரும்போது இன்னொன்று. இரண்டு படமும் கைப்பேசியில் இருந்தால் யூனிட் சண்டையே வராது. எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், தாமதமானால் என்ன அபராதம், கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் ரசீதிலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். பிறகு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், ஆனால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும்.

சில மண்டபங்களில் அலங்காரமும் சமையலும் தங்கள் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். வெளியாளைக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு தொகை கேட்பார்கள். வாடகை மலிவு என்று மயங்கினால், இந்த வழியில் அதைவிட அதிகமாகப் போய்விடும். மண்டபங்களை ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்காமல் எல்லாம் சேர்ந்த தொகையைப் பாருங்கள்.

தேதியை மாற்றினால் பணம் மிச்சமா? மிச்சம்தான். வைகாசி, ஆவணி, தை மாதங்களின் வளர்பிறை முகூர்த்த ஞாயிறுகளுக்கு எல்லோரும் மோதுவார்கள். அதே மாதத்தில் புதன், வியாழன் முகூர்த்தம் கிடைத்தாலோ, உங்கள் வீட்டில் தேய்பிறை முகூர்த்தத்துக்கு மறுப்பு இல்லையென்றாலோ, வாடகை பேரம் பேச இடம் உண்டு. பூ விலையும் பெரிய முகூர்த்த நாட்களில்தான் எகிறும். ஜோசியரிடம் ஒரே நாளைக் குறித்து வாங்காமல், நான்கைந்து நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நகையில் எங்கே மிச்சம் பிடிப்பது?

தங்கத்தின் விலையில் நீங்கள் பேரம் பேச முடியாது. பேச முடிவது சேதாரத்திலும் (நகை செய்யும்போது வீணாகும் பொன் என்று கடை கூட்டும் அளவு) செய்கூலியிலும்தான். இரண்டு பவுன் சங்கிலி 16 கிராம். சேதாரம் 8 சதவீதம் என்றால் 1.28 கிராமுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறீர்கள். வேலைப்பாடு அதிகமான சங்கிலிக்கு 18 சதவீதம் என்றால் 2.88 கிராம். வித்தியாசம் 1.6 கிராம். ஒரே சங்கிலியில் இவ்வளவு. இருபது பவுனுக்கு இதே வித்தியாசம் 16 கிராம், அதாவது இரண்டு பவுன். விற்கவோ அடகு வைக்கவோ போகும்போது அந்தச் சேதாரத்துக்கு ஒரு ரூபாயும் திரும்பக் கிடைக்காது.

ஆகவே எடை அதிகமான நகைகளை எளிய வேலைப்பாட்டில் எடுங்கள். வேலைப்பாடுள்ளது ஒன்றோ இரண்டோ போதும். கல் பதித்த நகையில் கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்க விலை போட வேண்டும், பில்லில் இரண்டு எடையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. வரும். பில் இல்லாமல் வாங்கினால் அது மிச்சம் என்று கடையில் ஆசை காட்டலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் தரத்தில் குறை வந்தால் கேட்க முடியாது.

தரத்தை எப்படி உறுதிப்படுத்துவது? 2023 ஏப்ரல் 1 முதல் நகையில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாக உள்ள அடையாள எண், எழுத்தும் எண்ணும் கலந்தது) இருக்க வேண்டும். கடையிலேயே நின்று, பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் தெரியும். 22 காரட்டுக்கு 916 என்று இருக்கும்.

நகைச்சீட்டு கட்டலாமா? சேதாரத்தில் தள்ளுபடி தருவது உண்மைதான். ஆனால் வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடினால் பணம் மாட்டிக்கொள்ளும். ஒரே கடையில் பெரிய தொகையைப் போட்டுவைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பட்டுப்புடவைக்கு ஒரு வார்த்தை. அசல் ஜரிகை (வெள்ளி இழையில் தங்க முலாம்), கலப்பு ஜரிகை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், விலை மட்டும் பல மடங்கு வேறு. எது என்று கேட்டுப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தேதி தள்ளி இருந்தால் தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியைப் பயன்படுத்தலாம்.

மொய்ப் பணத்தை நம்பிச் செலவு செய்யலாமா?

கூடாது. மொய் வருமானம் அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நோட்டில் எழுதிவைப்பதே அதற்காகத்தான். அன்பளிப்புக்கு வருமான வரி வருமா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. மணமக்களுக்குத் திருமணத்தை ஒட்டி வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

கடன் வாங்கிச் செய்தால்? 5 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 11,634 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 2 லட்சம். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் இருவருக்கு இது சிறிய தொகை அல்ல.

செலவை யார் யார் ஏற்பது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். “சம்பந்தி, மண்டபம் எங்க பொறுப்பு. சாப்பாட்டை அவங்கவங்க ஆள் கணக்குப்படி பிரிச்சுக்கலாமா?” என்று கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அவரவர் ஆளுக்கு அவரவர் பணம் என்று வந்தாலே இரண்டு பக்கமும் பட்டியல் சுருங்கும்.

அரசு உதவி கிடைக்குமா?

ஏழைக் கைம்பெண்களின் மகள், பெற்றோரை இழந்த பெண், மறுமணம் செய்துகொள்ளும் கைம்பெண், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள் ஆகியோருக்குத் தமிழக அரசின் திருமண நிதியுதவித் திட்டங்கள் உள்ளன. தாலிக்குத் தங்க நாணயமும் ரொக்கமும் கிடைக்கும். சில திட்டங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும் என்பதால், தேதி குறித்ததும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-இல் மாணவிகளுக்கு மாத உதவி தரும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டுவிட்டது, கல்யாணத்துக்கு அது இப்போது கிடைக்காது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அரசுக் கட்டணம் மிகக் குறைவு, இடைத்தரகருக்குக் கொடுப்பதுதான் ஆயிரக்கணக்கில் போகும். அதனால் பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகளோடு நீங்களே நேரில் போய்விடுங்கள்.