எபிரேயர் நிருபம் 6:4–6: மீட்பை இழத்தல் பற்றிய விவாதமும் உரைச்சூழலும் – தமிழ் மொழிபெயர்ப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மீட்பு பெற்ற ஒருவர் பின்னர் அதனை இழக்கக்கூடுமா என்பது கிறிஸ்தவ இறையியலில் தீராத வினாக்களுள் ஒன்று. சீர்திருத்தத் திருச்சபையினர் 'இரட்சிப்பு' என்றும் கத்தோலிக்கர் 'மீட்பு' என்றும் வழங்கும் இக்கருத்தினை ஒட்டி இரு தரப்பாரும் வசனங்களை எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். இழக்க முடியாது என்போர் யோவான் 10:28–29, உரோமர் 8:38–39 ஆகியவற்றைக் காட்டுவர். இழக்கக்கூடும் என்போர் எபிரேயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைக் காட்டுவர். வசனத்தை வசனத்தால் வெல்லும் இம்முறையில், ஒவ்வொரு பகுதியும் தான் நின்ற இடத்தை இழந்துவிடுகிறது.

தமிழ் உரைமரபுக்கு இச்சிக்கல் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 'மாட்டு' என்னும் உறுப்பைக் கொண்டு, சேய்மையில் கிடந்த சொற்களையும் இணைத்துப் பத்துப்பாட்டுக்குப் பொருள் கண்டார் நச்சினார்க்கினியர். அவர் முல்லைப்பாட்டில் அவ்வாறு செய்ததை மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் மறுத்தார். தொடர் நின்ற நிலையிலேயே பொருள் கொள்ள வேண்டும் என்பதே அம்மறுப்பின் அடிப்படை. மறைநூல் விளக்கத்திலும் அதே வினா எழுகிறது. ஆனால் இங்கே பிழைபட்ட விளக்கத்தின் விலை அதிகம். துன்புறுத்தலுக்கு அஞ்சியோ வேறு காரணத்தாலோ விலகிச் சென்று, பின்பு திரும்பி வந்து நிற்கும் ஒருவருக்குக் கதவு திறக்குமா என்பதை இந்த மூன்று வசனங்களைக் கொண்டே திருச்சபைகள் தீர்மானித்த காலம் உண்டு.

வினாவின் வரலாறு

திருமுழுக்குக்குப் பின் ஒரேயொரு மனந்திரும்புதலுக்கே இடமுண்டு என்னும் கருத்து இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெர்மாசின் 'மேய்ப்பர்' நூலிலேயே காணப்படுகிறது. தெர்த்துல்லியன் தம் பிற்காலத்தில் அந்த ஒன்றையும் ஏற்கவில்லை. விபசாரம் போன்ற கொடும்பாவங்களுக்குத் திருச்சபை மன்னிப்பு வழங்கலாகாது என வாதிட்ட அவர், எபிரேயர் நிருபத்தைப் பர்னபாவின் எழுத்தாகக் கொண்டு சான்று காட்டினார்.

பேரரசன் தேசியுஸ் ஆட்சியில் (249–251) நிகழ்ந்த துன்புறுத்தல் இவ்வினாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. உயிருக்கு அஞ்சி உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டோர், அமைதி திரும்பியதும் திருச்சபையின் வாசலில் வந்து நின்றனர். அவர்களை மீண்டும் நற்கருணை உறவில் சேர்க்கலாகாது என்றார் உரோமைக் குருவாகிய நோவாத்தியன். 251இல் அவர் எதிர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதால் பிளவு நேர்ந்தது. நீசேயா பொதுச்சங்கம் (325) தன் எட்டாம் விதியில், நோவாத்தியப் பிரிவினின்று திரும்பும் குருக்கள் துன்புறுத்தலில் தவறியோருடனும் உறவு பேண வேண்டும் என நிபந்தனை விதித்தது. நோவாத்தியர் இந்நிருபத்தை மிகுதியும் எடுத்தாண்டதால் சில இடங்களில் அது பொதுவில் வாசிக்கப்படாதிருந்தது என்ற செய்தியும் உண்டு. அம்புரோசியார் வேறு வழி கண்டார். ஆறாம் அதிகாரம் மறுப்பது மனந்திரும்புதலை அன்று, இரண்டாம் முறை திருமுழுக்குப் பெறுதலையே என்பது அவர் விளக்கம். மேய்ப்புப் பணிக்கு அது பெரிதும் உதவியது. ஆயினும் மூலத்தில் மனந்திரும்புதல் என்ற சொல்லே வெளிப்படையாக நிற்பதால், அவ்விளக்கம் உரையைவிடத் தேவைக்கே நெருக்கமானது எனலாம்.

சீர்திருத்தக் காலத்திலும் கருத்து ஒன்றுபடவில்லை. லூத்தர் 1522ஆம் ஆண்டு எழுதிய முன்னுரையில் இப்பகுதியை அவிழ்க்கக் கடினமான முடிச்சாகக் கண்டார். 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை ஒரே பிரிவில் இரு சாராரையும் கண்டித்தது: நீதிமானாக்கப்பட்டவர் தூய ஆவியை இழக்க முடியாது என்போர் ஒருபுறம், தவறியோருக்கு மன்னிப்பில்லை என்னும் நோவாத்தியர் மறுபுறம். சாவான பாவத்தால் அருள் இழக்கப்படும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1547இல் வரையறுத்தது. ஆர்மினியுசின் வழிவந்தோர் 1610இல் அளித்த மனுவின் ஐந்தாம் பிரிவு, இவ்வினா மறைநூலிலிருந்து மேலும் ஆராயப்பட வேண்டும் என்றே நிறுத்திக்கொண்டது. தோர்த் மாமன்றம் (1618–1619) தெரிந்துகொள்ளப்பட்டோர் இறுதிவரை காக்கப்படுவர் என முடிவு கூறியது. ஜான் வெஸ்லி 1751இல் அதனை மறுத்து எழுதினார்.

அகுஸ்தீனாரை இவ்விரு முகாம்களில் எதிலும் எளிதில் அடக்க இயலாது. திருமுழுக்கால் மறுபிறப்படைந்தோருள் சிலர் வீழ்வர் என்றும், இறுதிவரை நிலைத்தல் தெரிந்துகொள்ளப்பட்டோருக்கு அளிக்கப்படும் தனிக்கொடை என்றும் அவர் கருதினார். பின்னாளில் இரு தரப்பும் அவரைத் தம்மவர் என உரிமை கொண்டாடியதற்கு இதுவே காரணம்.

இவ்வரலாற்றுக்குத் தமிழகத்தோடு நேரான தொடர்பு உண்டு. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் ஆகியோரும், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் முன்னரே இணைந்திருந்த ஐக்கிய சபையாரும் ஒன்றாயினர். தோர்த்தின் வாரிசுகளும் வெஸ்லியின் வாரிசுகளும் ஒரே மேடையில் நின்று, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த ஒரே வேதாகமத்தை வாசித்தனர். அம்மொழிபெயர்ப்பு இவ்வினாவில் எப்பக்கம் சாய்கிறது என்பது ஆராயத்தக்கது.

சொற்களும் அவற்றின் பிற ஆட்சிகளும்

கிரேக்க மூலத்தில் ஒரே சுட்டிடைச்சொல்லின் கீழ் ஐந்து வினையெச்ச வடிவங்கள் தொடர்கின்றன: ஒளியூட்டப்பட்டவர்கள், வானகக் கொடையைச் சுவைத்தவர்கள், தூய ஆவியில் பங்குடையோர் ஆனவர்கள், நல்வார்த்தையையும் வரும் உலகின் வல்லமைகளையும் சுவைத்தவர்கள், வீழ்ந்தவர்கள். இவர்களை மனந்திரும்புதலுக்கு மீண்டும் புதுப்பித்தல் இயலாது என்பதே தொடரின் முடிபு.

இவர்கள் மெய்யாகவே மீட்புப் பெற்றவர்களா? இல்லை என்றார் பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன் அறிஞர் ஜான் ஓவன். விசுவாசம், நீதிமானாக்கப்படுதல், பிள்ளைகளாக ஏற்கப்படுதல் ஆகிய சொற்கள் இங்கு இல்லை என்பது அவரது வலுவான வாதம். கால்வினும் சுவைத்தல் என்பதை, நிலைக்காதோர் பெறும் சிறிதளவு அனுபவமாகவே கொண்டார்.

ஆனால் அச்சொற்கள் இதே நிருபத்தின் பிற இடங்களில் எவ்வாறு ஆளப்பட்டுள்ளன என்பதை நோக்கினால் இவ்வாதம் தளர்கிறது. 2:9இல் கிறிஸ்து மரணத்தைச் சுவைக்கிறார். அங்கு அவர் மரணத்தை நுனிநாவால் தொட்டுப் பார்த்தார் என எவரும் பொருள் கொள்வதில்லை. 10:32இல் ஒளியூட்டப்பட்டவர்கள் எனப்படுவோர், விசுவாசத்தின் பொருட்டு உடைமைகளைப் பறிகொடுத்தும் மகிழ்ந்தவர்கள். 'மெடொகோஸ்' (பங்குடையவர்) என்னும் சொல் 3:1இல் வானக அழைப்பிலும் 3:14இல் கிறிஸ்துவிலும் பங்குடைய விசுவாசிகளையே குறிக்கிறது. 10:29 உடன்படிக்கையின் இரத்தத்தால் தூய்மையாக்கப்பட்டவனையே பேசுகிறது. அங்குத் தூய்மையாக்கப்பட்டவர் கிறிஸ்துவே என ஓவன் கொண்டது வலிந்து கூறிய பொருளாகவே தோன்றுகிறது.

எனினும் ஓவன் தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அது இப்பகுதியில் இல்லை, 3:14இல் உள்ளது. அங்கு மூல வினை முற்றுப்பெற்ற செயலின் நிலைபேற்றைக் குறிப்பது: இறுதிவரை பற்றிக்கொண்டால், கிறிஸ்துவில் பங்குடையோராக ஏற்கெனவே ஆகியிருக்கிறோம். நிலைத்திருத்தல் இங்குப் பங்கு பெறுவதற்கான விலையன்று, பங்கு பெற்றமைக்கான அடையாளம். அவ்வாறாயின் நிலைக்காதவர் தொடக்கத்திலேயே பங்கு பெறவில்லை என்று ஆகும். 1 யோவான் 2:19 பிரிந்துசென்றோரைப் பற்றிக் கூறுவதும் இதற்கு இசைவானது. 1992இல் ஸ்காட் மெக்நைட் நிருபத்தின் எச்சரிக்கைப் பகுதிகளை ஒருங்கே ஆராய்ந்து, பேசப்படுவோர் மெய்யான விசுவாசிகளே என நிறுவ முயன்றார். 2001இல் தாமஸ் ஷ்ரைனரும் ஆர்டெல் கேனடேயும், விசுவாசிகளுக்கே உரிய இவ்வெச்சரிக்கைகள் அவர்களை வீழாமல் காக்கும் கருவிகள் என வாதிட்டனர். இப்பார்வையின் நன்மை, எச்சரிக்கையை வேறு எவரோ ஒருவர் தலையில் கட்டிவிடாமல் வாசகரையே கேட்கச் செய்வதாகும்.

தமிழ் வடிவம் எடுத்த முடிவுகள்

'பழைய மொழிபெயர்ப்பு' என இன்று வழங்கும் தமிழ் வேதாகமம் இவ்விடங்களில் சில முடிவுகளை வாசகருக்காகத் தானே எடுத்துவிடுகிறது.

முதலாவது, 3:1லும் 3:14லும் 'பங்குள்ளவர்கள்' என நிற்கும் சொல் 6:4இல் 'பெற்றும்' என மாறுகிறது. மூன்று இடங்களையும் இணைக்கும் நூல் அறுபடுகிறது. ஆயினும் ஆவியைப் பெற்றவர் என்பது தமிழ் வாசகருக்கு ஐயமின்றி விசுவாசியையே குறிப்பதால், மொழிபெயர்ப்பு இங்கு ஓவனுக்கு எதிராக நிற்கிறது. இரண்டாவது, 3:14இல் 'பங்குள்ளவர்களாயிருப்போம்' என எதிர்கால வடிவம் ஆளப்பட்டுள்ளது. அதனால் முற்றுப்பெற்ற வினையை அடித்தளமாகக் கொண்ட வாதம் தமிழில் எழவே வழியில்லை. நிலைத்திருத்தல் நிபந்தனையாகிவிடுகிறது. தமிழ் வேதாகமத்தை மட்டும் அறிந்த ஒருவர் தோர்த்தின் நிலைப்பாட்டுக்கு இந்நிருபத்தில் சான்று தேடினால், அவர் கைக்கு எட்டியிருக்க வேண்டிய முதன்மையான சான்று அவர் கண்ணில் படாது.

மூன்றாவது, ஆங்கில ஜேம்ஸ் மன்னர் பதிப்பு வீழ்தலை 'ஆல்' ஈற்று நிபந்தனையாக்கியது போலத் தமிழ் செய்யவில்லை. 'பட்டும்', 'பார்த்தும்', 'பெற்றும்' என அடுக்கி, 'போனவர்கள்' என முடிக்கிறது. மூலத்துக்கு இது நெருக்கமானது. ஆனால் 'செய்தும்' என்னும் வடிவம் அடுக்குப் பொருளோடு எதிர்மறுப்புப் பொருளையும் தருவது. இத்தனையும் பெற்றிருந்தும் விலகினர் என்ற குற்றச்சாட்டின் தொனி மூலத்தைவிடத் தமிழில் ஓங்கி ஒலிக்கிறது.

நான்காவதே மிக முதன்மையானது. வீழ்தலைக் குறிக்கும் 'பராபிப்டோ' என்னும் வினை புதிய ஏற்பாட்டில் இங்கு மட்டுமே வருகிறது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், எசேக்கியேல் நூல் உடன்படிக்கைத் துரோகத்தைச் சொல்ல இதனை ஆள்கிறது. இதற்குத் தமிழ் தந்த சொல் 'மறுதலித்தல்'. பேதுரு ஆண்டவரை அறியேன் என்று மும்முறை கூறியதற்கும் தமிழில் இதுவே சொல். மூலத்திலோ அது முற்றிலும் வேறான வினை. பேதுரு அழுதார், மீட்டெடுக்கப்பட்டார், மந்தையை மேய்க்கும் பணியையும் பெற்றார். 'மறுதலித்தவனைப் புதுப்பிப்பது கூடாதகாரியம்' எனக் கொள்ளும் தமிழ் வாசகருக்குப் பேதுருவின் கதை விளங்காத முரணாகிறது, அல்லது தம் ஒரு கணநேரக் கோழைத்தனமே மன்னிப்பற்ற பாவமாகத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாத இம்முரணை மொழிபெயர்ப்பே உண்டாக்கியது.

ஐந்தாவது, ஆறாம் வசனத்தின் இறுதியில் வரும் இரு நிகழ்கால எச்சங்களைக் காரணப்பொருளிலும் கொள்ளலாம், காலப்பொருளிலும் கொள்ளலாம். காலப்பொருளில், கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்துகொண்டிருக்கும் வரை புதுப்பித்தல் இயலாது என்றாகும். 'அவமானப்படுத்துகிறபடியால்' என்று தமிழ் காரணத்தைத் தேர்ந்து மற்றதை அடைத்துவிட்டது. இலக்கணப்படி காரணப்பொருளே இங்குப் பொருத்தமானது என்றாலும், மாற்று வழி இருந்ததைத் தமிழ் வாசகர் அறியார்.

பாலைவனமும் நிலமும்

இச்சொல்லாய்வுகளைவிடவும் பகுதியின் அமைவிடம் தெளிவு தருவது. மூன்றாம் நான்காம் அதிகாரங்கள் தொண்ணூற்றைந்தாம் சங்கீதத்தைக் கொண்டு, எகிப்திலிருந்து மீட்கப்பட்டும் கானானை அடையாத தலைமுறையை முன்நிறுத்துகின்றன. எண்ணாகமம் 14இன்படி அவர்கள் காதேசில் உள்ளே செல்ல மறுத்தனர். தண்டனை அறிவிக்கப்பட்டபின் மனம் வருந்திச் செல்ல முயன்றும் முறியடிக்கப்பட்டனர். 'மீண்டும் இயலாது' என்பதற்குப் பின்னணி இதுவே. இங்குக் குற்றம் தனித்தனி ஒழுக்கக்கேடு அன்று, வாக்குத்தத்தத்தை ஏற்க ஒட்டுமொத்தமாக மறுத்தது. 10:26 கூறும் மனப்பூர்வமான பாவமும் எண்ணாகமம் 15இல் வரும் அறியாப்பிழைக்கும் துணிகரப் பாவத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் பின்புலமாகக் கொண்டது. தமிழில் 'பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்' எனத் தொடர்செயலாகவே அது நன்கு பெயர்க்கப்பட்டுள்ளது.

அடுத்து வரும் உவமையும் கவனத்துக்குரியது. 6:7–8இல் அடிக்கடி பெய்யும் மழையைக் குடித்த நிலம் பயிர் தருகிறது, அல்லது முள் தருகிறது. முள்ளும் குருக்கும் ஆதியாகமம் 3:18இன் சாபத்தை நினைவூட்டுபவை. மழை மெய்யான மழையே. அதில் போலி இல்லை. அதே வேளையில் முள் விளைந்த நிலம் சபிக்கப்பட்டதாக அன்று, சாபத்துக்கு அருகில் இருப்பதாகவே கூறப்படுகிறது. மூன்று வசனங்களை மட்டும் பெயர்த்தெடுப்போர் இந்த 'அருகில்' என்ற சொல்லை இழந்துவிடுகின்றனர்.

இதனை அடுத்தே, நிருபத்தில் வேறெங்கும் வராத 'பிரியமானவர்களே' என்ற விளி 6:9இல் வருகிறது. கேட்போர் இன்னும் அந்நிலையை அடையவில்லை என்பதும், அவர்களிடம் மேலானவை உண்டு என்று ஆசிரியர் நம்புவதும் அங்கு வெளிப்படுகின்றன. நோவாத்தியன் இவ்வசனத்தை அதற்குரிய எடையோடு வாசித்திருப்பின், விலகத் துணிவோரைத் தடுக்க எழுதப்பட்ட சொற்கள் திரும்பி வந்தோரை விரட்டப் பயன்பட்டிரா.

அதிகாரத்தின் கட்டமைப்பில் இன்னொன்றும் உண்டு. 'இயலாதது' எனப் பொருள்படும் 'அடுனாடோன்' என்னும் சொல் நிருபத்தில் நான்கு முறை வருகிறது. 6:4இல் வீழ்ந்தோரைப் புதுப்பித்தல் இயலாது. 6:18இல் கடவுள் பொய்யுரைத்தல் இயலாது. 10:4இல் விலங்கின் இரத்தம் பாவத்தை நீக்குதல் இயலாது. 11:6இல் விசுவாசமின்றி அவருக்கு உகந்தவராதல் இயலாது. ஆறாம் அதிகாரத்தில் எச்சரிக்கையும் உறுதிமொழியும் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டுள்ளன. தமிழ் 6:4இலும் 11:6இலும் 'கூடாதகாரியம்' என்கிறது. 10:4இல் 'மாட்டாதே' என்றும், 6:18இல் 'பொய்யுரையாத' என்று பெயரெச்சமாகவும் பெயர்த்துள்ளது. ஆதலால் தமிழ் வாசகருக்கு அவ்வதிகாரத்தில் முதல் இயலாமை மட்டுமே கேட்கிறது. இரண்டாவது, ஓர் அடைமொழிக்குள் அடங்கிவிடுகிறது.