ஜூலை 12: ஒரு தேதியும் மூன்று வரிகளும்

சில காலம் ஒரு நாளிதழுக்கு 'இசையில் இன்று' என்று துணுக்குப் பகுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காசுக்காகத்தான். யார் பிறந்தார், யார் செத்தார், எந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது. தேதிக்கு மூணு வரி. நாலாவது வரி எழுதினால் வெட்டிவிடுவார்கள். அந்த வேலை போய் ரொம்ப நாளாகிறது. ஒரு தேதி மட்டும் என்னை விடவில்லை.

ஜூலை 12க்கு நான் எழுதியது இது. 1962: லண்டன் மார்க்கீ கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் மேடை. 1979: பாடகி மின்னி ரிப்பர்டன் மரணம். அதே 1979: சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்ப்பு. ஒரு பிறப்பு, ஒரு சாவு, ஒரு கலாட்டா. எல்லா வரியும் ஒரே உயரம், ஒரே குரல், நடுவில் ஒரு முற்றுப்புள்ளி. அந்த முற்றுப்புள்ளியில்தான் எனக்குப் பிரச்சினை. மூன்று வரிகளுமே ஒரே ஊரின் ஒரே பகுதி வழியாகப் போகின்றன: கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் சிகாகோவின் தென்பகுதி. பட்டியல் என்கிற பிரதி இதைச் சொல்லாது. சொல்லாமல் இருப்பதே அதன் இலக்கணம்.

முதல் வரி. மார்க்கீயில் வழக்கமாக வாசிக்கும் அலெக்சிஸ் கார்னரின் குழு அன்று பிபிசி வானொலிக்குப் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தப் பையன்களைக் கூப்பிட்டார்கள். குழுவுக்குப் பெயர், மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவுசெய்த பாடல் ஒன்றிலிருந்து வந்தது. மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் உழைத்து, 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறியவர் அவர். இசைத்தட்டை வெளியிட்டது அந்த ஊர் செஸ் கம்பெனி. ஆக, லண்டன் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் சிகாகோவில் எழுதப்பட்டது. இன்னொன்று, அன்று மேடையில் சார்லி வாட்ஸ் இல்லை, பில் வைமனும் இல்லை. வாட்ஸ் சேர்ந்தது 1963 ஜனவரியில். அந்த ஆண்டைத்தான் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்று கீத் ரிச்சர்ட்ஸே சொல்லியிருக்கிறார். இருந்தும் 2012இல் மார்க்கீ பெயர்ப்பலகையின் கீழ் நின்று ஐம்பதாண்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். தேதி என்பது கிடைப்பதல்ல, நிறுவப்படுவது. நிறுவ வசதியுள்ளவர்களுக்குத்தான் அது வாய்க்கிறது.

1964இல் ஸ்டோன்ஸ் செஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போய்ப் பதிவுசெய்தார்கள். '2120 சவுத் மிச்சிகன் அவென்யூ' என்று அதன் முகவரியையே ஒரு இசைத்துண்டுக்குத் தலைப்பாக்கினார்கள். உள்ளே போனபோது மடி வாட்டர்ஸ் ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார் என்பது கீத் சொல்லும் கதை. கம்பெனிக்காரரின் மகன் மார்ஷல் செஸ் அப்படி நடக்கவே இல்லை என்கிறார். யார் சொல்வது நிஜமோ. குருவைக் கூலியாளாகப் பார்க்கும் கதைதான் ஊரெல்லாம் பரவியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வரி. இடம் போதாதபோது எனக்கு வெட்டுப்பட்டது இதுதான். 1947இல் சிகாகோவில் பிறந்த மின்னி ரிப்பர்டன், அதே அறுபதுகளில் அதே செஸ் கம்பெனியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர். எட்டா ஜேம்ஸுக்கும் ஃபான்டெல்லா பாஸுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தவர். 'லவ்வின் யூ' பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 1975இல். அடுத்த ஆண்டே மார்பகப் புற்றுநோய். ஒரு மார்பை அகற்றினார்கள். அதை அவர் தொலைக்காட்சியிலேயே சொன்னார். வீட்டுக்குள்ளேயே குசுகுசுவென்று பேசப்பட்ட நோய் அது. உடல் அழகை விற்கும் ஒரு தொழிலில், பெயர் உச்சத்தில் இருந்த ஒரு கறுப்பினப் பெண் இதைச் சொன்னார் என்றால், அதற்கு முப்பத்தொரு வயதில் அவர் செத்துப்போன தேதியைவிடக் கனம் அதிகம். ஆனால் பட்டியலுக்குச் சாவுதான் வேணும். சொன்ன தேதி யாருக்கு வேணும்?

மூன்றாவது வரிக்கு வருவோம். சிகாகோ வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் வேலை பார்த்த நிலையம் 1978 கடைசியில் முழுக்க டிஸ்கோவுக்கு மாறியதில் அவர் வேலை போனது. போட்டி நிலையத்தில் சேர்ந்து டிஸ்கோவுக்கு எதிராகப் படை திரட்டினார். ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி அவரோடு கைகோத்தது. ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் நுழைவுச்சீட்டு 98 சென்ட். கணக்குப்படி உள்ளே 47,795 பேர். வெளியே இன்னும் ஆயிரக்கணக்கில். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைப் பெரிய பெட்டியில் போட்டு மைதானத்தில் வெடித்தார்கள். கூட்டம் குதித்து இறங்கியது. 39 பேர் கைது. மைதானம் நாசமாகி, இரண்டாவது ஆட்டம் நடக்காமலே எதிரணிக்குப் போனது.

டிஸ்கோவை வெறுக்கக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன், ஒருபாலுறவாளர் நடனக்கூடங்களில் எழுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த ஒன்றைக் கம்பெனிகள் பிடித்துச் சக்கையாகப் பிழிந்திருந்தன. ஆனால் ராக் என்ன காசு வாங்காமலா விற்றது? அதை யாரும் பெட்டியில் போடச் சொல்லவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸே 1978இல் 'மிஸ் யூ' என்று டிஸ்கோ தாளத்தில் ஒரு பாட்டுப் போட்டு முதலிடம் பிடித்தவர்கள்தானே. அன்று மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ் ஒன்றைக் கவனித்தான்: வந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, வெறும் கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள். வாசலில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. பெட்டியில் விழுந்ததெல்லாம் டிஸ்கோ என்றாகிப்போனது. இனவெறியோ ஒருபாலுறவாளர் மீதான வெறுப்போ தன் மனதில் இல்லை என்று டால் பிற்பாடு மறுத்திருக்கிறார். இருக்கலாம். அவர் மனதை யார் பார்த்தது; பெட்டியைத்தான் பார்க்க முடியும். ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸுக்கு அது நாஜிகளின் புத்தக எரிப்பை நினைவூட்டியது. மடி வாட்டர்ஸ் பதிவுசெய்த மிச்சிகன் அவென்யூ கட்டிடம் அங்கிருந்து சுமார் இரண்டு மைல்.

கடிகாரம் எண்ணுகிற காலம் வேறு, நாட்காட்டியின் காலம் வேறு என்று வால்டர் பெஞ்சமின் வாதிட்டதை இங்கே கொண்டுவரலாம். நாட்காட்டியில் நாட்கள் நினைவாகத் திரும்பி வருகின்றன. முறிவின் தடயம் அதில் இருக்கிறது. துணுக்குப் பட்டியல் செய்வது நாட்காட்டியைத் திரும்பவும் கடிகாரமாக்கும் வேலை. டிக், பிறப்பு. டிக், சாவு. இயக்கத் தோழர்களும் நினைவுநாள் பட்டியல் போடுகிறவர்கள்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நாற்பதாம் ஆண்டுக்கு என்ன நடந்தது? 2019இல் ஒயிட் சாக்ஸ் அணி அதை ஆட்டத்தோடு சேர்த்துக் கொண்டாடியது. முதலில் வந்த பத்தாயிரம் பேருக்கு டி-சட்டை. தொடக்கப் பந்தை எறிந்தவர் ஸ்டீவ் டால். கண்டனம் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால் அதை நடத்தியது ஜூலை 12இல்கூட இல்லை, ஜூன் 13இல்.

'டிஸ்கோ செத்த இரவு' என்பதும் பொய்தான். ஷிக்கின் 'குட் டைம்ஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அதற்கு அடுத்த மாதம். அதன் பாஸ் கிதார் ஓட்டத்தின் மேல்தான் அதே ஆண்டு 'ராப்பர்ஸ் டிலைட்' எழுந்தது. அந்தச் சிறுவன் லாரன்ஸ் 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து எழுதிய 'ஆன் அண்ட் ஆன்', ஹவுஸ் இசையின் முதல் தட்டு என்று பலர் சொல்கிறார்கள். தட்டு வருமுன்பே அந்த இசை இருந்தது. சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கூடத்தில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்ற, கறுப்பின, லத்தீன் ஒருபாலுறவாளர்கள் சனிக்கிழமை இரவு தொடங்கி மறுநாள் வரை ஆடினார்கள். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கூடத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். கட்டிடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக நகரசபை அறிவித்தது 2023இல். இசை பிறந்தது எந்தச் சனிக்கிழமை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். துணுக்குப் பகுதியில் அதைப் போட எனக்கு வழியே இருந்ததில்லை. எந்தத் தேதியின் கீழ் போடுவது?