குருவிக் கணக்குக்கும் ஒரு வைப்புநிதி வேண்டும்

வங்கி வேலையில் ஓய்வு பெற்று நான் நிலத்துக்கு வந்த புதிதில், கிணற்று மேட்டு மொட்டைப் பனையில் ஒரு ஜோடி பனங்காடை குடியிருந்தது. உழவு ஓட்டினால் போதும், நீல இறக்கையை விரித்து இறங்கி வெட்டுக்கிளியைக் கொத்திக்கொண்டு போகும். இப்போது இரண்டு வருடமாகக் காணோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் கேட்டேன்.

"முன்னெல்லாம் கரண்டுக் கம்பியில வரிசையா உக்காந்திருக்குமுங்க. எப்பக் கொறஞ்சுதுன்னு யாருங்க எழுதி வச்சா?"

அவர் சொன்னது சரிதான். மழை அளவை எழுதுகிறோம், பால் கணக்கை எழுதுகிறோம். கூலி கேட்காமல் புழு பொறுக்கும் பறவைக்கு நம்மிடம் கணக்கில்லை.

கணக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகே சாட்சி. ராஜஸ்தானின் பரத்பூரில் 1980களில் எண்ணி வைத்த கணக்கு இருந்ததால்தான், 1990களின் கடைசியில் மறுபடி எண்ணியபோது அந்த இனம் ஏறக்குறைய அழிந்தே போனது தெரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. பழைய எண்ணிக்கை இல்லாதிருந்தால் நோய் என்றோ விதி என்றோ சொல்லி விட்டிருப்போம்.

2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நம் பனங்காடையின் நிலையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடி பதிவுகள்தான் அதற்கு அடிப்படை. அவை இ-பேர்டு என்ற இணையதளத்தில் சேர்ந்தவை. அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002இல் அதைத் தொடங்கின. "அறிவியலுக்கு உதவுங்கள்" என்று கேட்டபோது முதல் சில ஆண்டுகள் கூட்டம் சேரவில்லை. பதிகிறவர் தன் பட்டியலையும் தன் ஊர்ப் பட்டியலையும் தானே பார்த்துக்கொள்ள வசதி செய்த பிறகுதான் வளர்ந்தது. பால் ஊற்றுகிறவனுக்குப் பாஸ்புத்தகம் கொடுக்கிற மாதிரி!

அதன் வட்டார அமைப்பும் நாம் கவனிக்க வேண்டியது. தகவல் சேரும் களஞ்சியம் பொது. முகப்பும், செய்தியும், சரிபார்க்கிற தன்னார்வலர்களும் அந்தந்த நாட்டுக்காரர்கள். ஆஸ்திரேலியாவில் எரேமியா என்று தனியாக நடந்த தளம்கூடப் பிற்பாடு இதனுடன் இணைந்துகொண்டது. இந்தியாவில் பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இந்த வேலையைச் செய்கிறது.

இது தெரியாமல் நானும் நண்பர்கள் நான்கு பேரும் எங்கள் வட்டாரத்துக்கென்று தனித் தளம் ஒன்று கட்டினோம். ஒரு நல்ல மனிதர் 35,000 ரூபாய் கொடுத்தார். திறப்பு விழா, போட்டோ எல்லாம் அமர்க்களம். மூன்றாம் வருடம் முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்ட தம்பியின் பெட்டியில் கிடந்தது. தளம் போனது. கூடவே இரண்டு வருடப் பட்டியலும் போனது. "திருப்பிக் கட்ட வருமானம் எங்கே?" என்று ஆயிரம் பேரைக் கேட்டுக் கடன் கொடுத்தவன் நான். என் சொந்தத் திட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கட்டுகிற செலவுக்குக் கொடையாளி கிடைப்பார். கல்வெட்டில் பெயர் வரும். ஓட்டுகிற செலவுக்குத்தான் ஆள் கிடைக்காது. இப்போது மறுபடி தொடங்குகிறோம், சின்னதாக. பறவைப் பதிவுகள் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். எங்கள் தளத்தில் தமிழ்ப் பெயரும் படமும், பண்ணைவாரிப் பட்டியலும், பயிற்சி அறிவிப்பும் மட்டும். முகவரி, சர்வர் வாடகை, வருடம் இரண்டு பயிற்சி, படத்தாள் அச்சு எல்லாம் சேர்த்து வருடம் 24,000 ரூபாய் என்று போட்டிருக்கிறோம். 60 பேர் ஆளுக்கு 400 ரூபாய் கட்டினால் முடிந்தது. பெரிய கொடை வந்தால் செலவழிக்காமல் வைப்புநிதியில் போடுவோம். 7 சதவீத வட்டி என்றால், மூன்றரை லட்சம் சேரும்போது வருடச் செலவை வட்டியே தாங்கும்.

மூன்று விதி வைத்தோம். முகவரி சங்கத்தின் பெயரில், கடவுச்சொல் இரண்டு பேரிடம். வங்கிக் கணக்குக்குக் கூட்டுக் கையெழுத்து. தைக்குத் தை எல்லாப் பதிவுக்கும் ஒரு நகல். பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒருவர் விளம்பரத்துக்கு வருடம் 10,000 தருகிறேன் என்றார். நல்ல மனிதர்தான். வேண்டாமென்று சொல்லிவிட்டோம். மருந்தடித்த வயலையும் அடிக்காத வயலையும் நாளைக்கு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய கணக்கு இது. அவர் காசில் எழுதினால் யார் நம்புவார்கள்?

பெரும்பணம் இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பாருங்கள். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து, 25,000க்கும் அதிகமான பட்டியல்களைக் கொண்டு பறவை வரைபடத் தொகுப்பே உருவாக்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் வரப்பிலேயே 15 நிமிடம் நில்லுங்கள். தொடங்கிய நேரம், பார்த்த எல்லாப் பறவைகள், ஒவ்வொன்றும் எத்தனை என்று எழுதுங்கள். பார்த்ததையெல்லாம் முழுசாக எழுதினால்தான், எழுதாதது அங்கே தென்படவில்லை என்பதும் தெரியவரும்.

இன்று காலை என் பட்டியல்: பறவைத் தாங்கியில் கரிச்சான் 4, வயலில் மைனா 11, உண்ணிக்கொக்கு 7. பனங்காடை இல்லை. மொட்டைப் பனையை மட்டும் வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன்.